முதல் வாய்க் கசப்பு

அந்தக் காலத்தில், பல்லிக்குப் பேச்சு இருந்தபோது, அதன் வாயை மூட யாராலும் முடியவில்லை. காகமும் நாயும் ஆடும்கூடப் பேசிய காலம்தான். ஆனால் அவை வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பல்லி அப்படியில்லை. கூரைக்கடியில் ஒட்டிக்கொண்டு, "பால் பொங்குது", "பூனை உறிக்குக் கீழ நிக்குது", "நேத்து நீ அவகிட்டச் சொன்னது பொய்யி" என்று விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை சொல்லிக்கொண்டே இருக்கும். சொல்வது அத்தனையும் உண்மை. அதனாலேயே அதை யாருக்கும் பிடிக்காது.

வருஷப்பிறப்பு விருந்தும் அப்போது வீட்டுக்குள் நடக்கவில்லை. மலைக்குக் கீழே, பெரும்பாலும் வெறும் மணலாகவே கிடக்கும் ஓர் ஆற்றங்கரையில், ஆடு மேய்த்துப் பிழைத்த ஓர் ஊர் இருந்தது. சித்திரை பிறந்த அன்று உச்சிப் பொழுதில் அந்த ஊரே புளியமரத்தடியில் ஒரே பந்தியாக உட்காரும். சோறு, பருப்பு, பாயசம், மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடி. பச்சடி அப்போது இனிக்கும், புளிக்கும், அவ்வளவுதான். வேப்பம்பூவைச் சமையலுக்கு எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. வாசலில் உதிர்ந்து கிடந்தால் கூட்டிக் குப்பையில் தள்ளுவார்கள்.

அந்தப் பந்திக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டவரை "நீ யார்" என்று யாரும் கேட்கக் கூடாது. வறண்ட சீமை அது. பசியோடு வருகிறவனை விசாரித்து, அவன் கூசிப்போய் எழுந்துவிட்டால் ஊருக்கே கேவலம் என்று நினைத்தார்கள். இன்னொன்று, பந்தியில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கிறவரை யாரும் இலையை மடிக்கக் கூடாது. பெரியவர்கள் அவசரப்பட்டு எழுந்தால் பிள்ளை அரை வயிற்றோடு எழுந்துவிடும் அல்லவா, அதற்காக.

இரண்டும் நல்ல வழக்கங்கள்தான். அந்த முதல் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அது ஊருக்குள் வந்தது.

அதற்குப் பெயர் வைக்கவே ஜனங்கள் பயந்தார்கள். சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'பசியாறாதது' என்று சொல்லிவிட்டு, உடனே எழுந்து போய் வேறு வேலை பார்ப்பார்கள். அது ஊரில் இல்லாத ஆளின் உருவத்தில் வரும். சந்தைக்குப் போனவன், மேய்ச்சலுக்குப் போனவன், பிறந்த வீட்டுக்குப் போனவள் என்று யாராவது ஒருவர். அதே முகம், அதே நடை, அதே குரல். வந்து அவர்களுடைய இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும். வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார் என்று சந்தோஷமாகப் பரிமாறுவார்கள்.

சாப்பிட்டு முடித்து அது இலையை மடித்தால் என்ன ஆகும் என்பதைக் காகம்தான் முதலில் பார்த்தது. இந்தக் கதை நடப்பதற்கு முந்தின வருஷப் பந்தியில், அந்த ஊர்ப் பெண் பழனாத்தாளின் அக்கா முத்தாயி, ஆற்றுக்கு அப்பால் ஆட்டுக்கிடை போட்டிருந்த தன் புருஷன் வந்துவிட்டான் என்று நினைத்து அதற்குப் பரிமாறினாள். காகம் அப்போது ஆற்று மணலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

"உங்க மாமன் அக்கரையில வந்துட்டிருந்தாரு," என்று அது பிறகு பழனாத்தாளிடம் சொன்னது. "இங்க இலைய மடிச்ச நேரம், அங்க அவரு நின்னுட்டாரு. ஊரைப் பார்த்தாரு. இது எந்த ஊருன்னு யோசிக்கிற மாதிரி பார்த்தாரு. அப்பறம் வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு. நான் பேரைச் சொல்லிக் கூப்புட்டேன், தன்னோட பேருன்னே அவருக்குத் தெரியல."

முத்தாயி அதையே புருஷன் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எவ்வளவு சமைத்தாலும் பற்றவில்லை. குதிரில் இருந்த தானியம் தீர்ந்தது, பட்டியில் இருந்த ஆடுகள் தீர்ந்தன. ஆடி மாதத்தில் ஒரு நாள் அடுப்புப் புகை வருவது நின்றுபோயிற்று. கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. பழனாத்தா அக்காவின் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ மெல்லுகிற சத்தம் கேட்டது. அவள் ஓடி வந்துவிட்டாள். ஓடி வந்ததற்காக அவளை நான் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தால் தட்டப் போயிருக்கவே மாட்டேன்.

பிறகு அந்த வீட்டுக் கதவு ஒரு நாள் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அது வெளியே எங்கோ நடமாடுகிறது என்று அதற்கு அர்த்தம்.

அதனால் இந்த வருஷம் புளியமரத்தடியில் பந்தி வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. அவரவர் வீட்டில் அவரவர் சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சொந்த மனுஷரோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது. வெளி ஆள் யாரையும் உள்ளே விடக் கூடாது. எல்லோருக்கும் இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. வருகிறது வெளி ஆளாக வராதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பழனாத்தாளின் புருஷன் செங்கோடன் அப்போது ஊரில் இல்லை. உப்புத் தீர்ந்துபோனதால், ஆற்றைத் தாண்டிப் போய் உப்பு வாங்கி வரக் கிளம்பியிருந்தான். கிளம்பின அன்று வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கம்பஞ்சோறு சாப்பிட்டான். பழனாத்தாளுக்கு அவன் போவதில் இஷ்டமில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"சோறு நல்லாருக்கு புள்ள," என்றான் அவன். அவன் எப்போதும் அப்படித்தான். உப்பே போடாமல் வைத்தாலும், கரிந்துபோனதை வைத்தாலும் நல்லாருக்கு என்றுதான் சொல்வான். "குட்டிக்கு மறக்காமத் தண்ணி காட்டு. வருசப்பொறப்புக்கு வந்துருவேன். நான் வர்ற வரைக்கும் யாருக்கும் கதவத் தொறக்காத." பிறகு மகளைத் தூக்கிக் கொஞ்சினான். "மயிலாக் கண்ணு, அம்மாகிட்ட சண்டை புடிக்காம இரு."

நாய் கறுப்பன் முன்னால் ஓட, அவன் பின்னால் நடந்தான். அந்த நேரத்தில் மரத்தடியில் அவர்கள் மூன்று பேரும் நாயும்தான் இருந்தார்கள். அப்படித்தான் பழனாத்தா நினைத்தாள்.

வருஷப்பிறப்பு வந்தது. காலையிலேயே பழனாத்தா வாசல் தெளித்து, தலை முழுகி, அடுப்பு மூட்டினாள். கை வேலையில் இருந்தாலும் கண் ஆற்றுப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. பல்லி வேறு விடாமல் நச்சரித்தது.

"ஆத்துல யாரையும் காணோம். இன்னும் காணோம். பருப்பு அடிப்புடிக்குது. இன்னும் காணோம்."

"வாய மூடு," என்றாள் பழனாத்தா. "இன்னைக்குச் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் உன்ற சத்தமே கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா வெளக்குமாத்தால அடிச்சு வெளிய தள்ளிருவேன்."

பல்லிக்கு வெளியே போவதென்றால் உயிர் போகிற பயம். வெளியே காகம் இருக்கிறது, பூனை இருக்கிறது. சரி என்று கூரைச் சந்தில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

உச்சிப் பொழுதாயிற்று. தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. சித்திரை வெயிலில் நிழல்கள் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தன. பழனாத்தா இலை போட்டுவிட்டுக் காத்திருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

கதவுச் சந்து வழியாகப் பார்த்தாள். செங்கோடன் தோளில் மூட்டையோடு நின்றான்.

அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. கதவைத் திறந்து மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தாள். சொம்பில் தண்ணீர் எடுத்து வந்து அவன் காலில் ஊற்றினாள். ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக ஓடிற்று. அத்தனை தூரம் புழுதியில் நடந்து வந்த காலில் மண்ணே இல்லை. அதைப் பார்த்தாள், ஆனால் மனசுக்குள் போக விடவில்லை. ஆசையாகக் காத்திருந்தவள் இதையெல்லாம் பார்க்கமாட்டாள்.

"கறுப்பன் எங்கீங்க?" என்று கேட்டாள்.

"வந்துருவேன்," என்றான் அவன்.

வெயிலில் வந்த களைப்பில் வாய் தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அவன் உள்ளே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். அதோடு கேள்வி கேட்கிற நேரம் முடிந்தது. அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். காற்று ஒன்று வந்து கூரையை உலுக்கிவிட்டுப் போயிற்று.

மயிலா அப்பனுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"மயிலாக் கண்ணு, அம்மாகிட்ட சண்டை புடிக்காம இரு."

"புடிக்கலீங்கய்யா," என்றாள் பிள்ளை. "குட்டி வளந்துருச்சுங்க. முட்டுதுங்க."

"குட்டிக்கு மறக்காமத் தண்ணி காட்டு," என்றான்.

பழனாத்தா பச்சடிச் சட்டியை எடுத்து வந்து இரண்டு இலையிலும் பரிமாறினாள். வீட்டை ஒட்டி நின்ற வேப்பமரம் கூரைமேல் சாய்ந்து பூத்திருந்தது. காற்று உலுக்கினபோது கூரைச் சந்து வழியாகப் பூ உதிர்ந்து, மூடாமல் வைத்திருந்த சட்டியில் நிறைய விழுந்திருந்தது. வெல்லப் பாகோடு கலந்துபோனதால் அவள் கவனிக்கவில்லை.

மயிலா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். நாக்கை வெளியே நீட்டினாள்.

"கசக்குதும்மா."

பழனாத்தா விரலால் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கு மரத்துப் போகிற கசப்பு. நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் செய்துவிட்டோமே என்று பதறிப்போய்ப் புருஷனைப் பார்த்தாள். அவன் இலையில் வைத்த பச்சடி முழுவதையும் வழித்துச் சாப்பிட்டிருந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"நல்லாருக்கு புள்ள," என்றான்.

சட்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். உடனே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அவர் எதைக் குறை சொன்னார், இதைச் சொல்ல. மனசு நோகக் கூடாதென்று விழுங்கியிருப்பார். ஆனால் தண்ணீர் ஓடிய கால் இப்போது நினைவுக்கு வந்தது. நாய் இல்லாதது நினைவுக்கு வந்தது. அவன் வந்ததிலிருந்து பேசின பேச்சு ஒவ்வொன்றும் கிளம்பின அன்று பேசின பேச்சு என்பதும் நினைவுக்கு வந்தது.

நீங்கள் யார் என்று கேட்கக் கூடாது. கேட்கத்தான் கூடாது, பரிமாறக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. அவள் கூரைச் சந்தில் தேங்கிக் கிடந்த வேப்பம்பூவைக் கைநிறைய வாரிச் சட்டியில் போட்டுப் பிசைந்தாள். கொண்டுபோய் அவன் இலையில் வைத்தாள். வெல்லம் கண்ணில் படாத அளவுக்குப் பூவாக இருந்தது.

அவன் அதை உருட்டி உருட்டிச் சாப்பிட்டான். ரசித்து மென்றான்.

"நல்லாருக்கு புள்ள."

அதே குரல். ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கூரைச் சந்தில் இருந்த பல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மேலே இருந்ததால் அதற்கு இன்னொன்றும் தெரிந்தது. அவன் வாய் திறந்தபோதெல்லாம் அது உள்ளே பார்த்தது. சத்தம் போட்டால் விளக்குமாறு வரும், வெளியே காகத்துக்கு இரையாக வேண்டும். இதைவிடப் பெரிய பயம், கீழே உட்கார்ந்திருக்கிறது நிமிர்ந்து பார்த்துவிடும். ஆனால் கண்ணால் பார்த்த உண்மையைச் சொல்லாமல் இருந்து பல்லிக்குப் பழக்கமில்லை.

"பழனாத்தா," என்றது. "அதோட வாய்க்குள்ள நாக்கு இல்ல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. கை மட்டும் போயிற்று. தோளிலிருந்து நீண்டு, அடுப்பைத் தாண்டி, உறியைத் தாண்டி, கூரை முகடு வரைக்கும் அந்தக் கை போயிற்று. பல்லி ஓடப் பார்த்தது. விரல்கள் அதன் கழுத்தை நெரித்து, நழுவி, வாலைப் பிடித்தன. பல்லி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தது. வால் அறுந்து அந்தக் கையிலேயே துடித்தது.

கை திரும்பி வந்தது. அவன் அந்த வாலை வாயில் போட்டு மென்றுவிட்டு, மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். ஒன்றும் நடக்காததுபோல மகளைப் பார்த்துச் சிரித்தான்.

பழனாத்தா நின்ற இடத்திலிருந்து கதவைப் பார்த்தாள். கத்தலாம், கத்தினால் யார் கதவைத் திறந்து வருவார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அந்தக் கை எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்தாயிற்று. இங்கே அது தின்னத் தின்னவே, எங்கேயோ வந்துகொண்டிருக்கிற செங்கோடனுக்கு மறதி தட்ட ஆரம்பித்திருக்குமோ என்னவோ; இலையை மடித்தால் தன் வீட்டையும் பேரையும் அடியோடு மறந்து திரும்பிப் போய்விடுவான். அப்புறம் இந்த வீட்டிலும் புகை நிற்கும். அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் கேட்ட அந்த மெல்லுகிற சத்தம் இப்போது அவள் எதிரிலேயே கேட்டது.

அதன் இலையில் சோறு குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கவளத்தையும் எடுத்துப் போட்டுக்கொண்டது. இலையின் விளிம்பில் கை வைத்தது. வைத்த கை அப்படியே நின்றது. அது மயிலாவின் இலையைப் பார்த்தது.

பிள்ளையின் இலையில் பச்சடி அப்படியே இருந்தது.

அப்போதுதான் பழனாத்தாளுக்கு மூச்சு வந்தது. வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது, வழக்கத்தை மீற முடியாது. சின்னப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை அதுவும் காத்திருக்கத்தான் வேண்டும். அவள் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள்.

"சாப்புடு சாமி. மெதுவாச் சாப்புடு."

"கசக்குதும்மா."

"கசக்கட்டும். கீழ வெச்சுறாத, வேண்டாம்னு சொல்லீராத. கொஞ்சங் கொஞ்சமாச் சாப்புடு."

வேண்டாம் என்று பிள்ளை சொன்னாலும் முடிந்தது என்றுதான் கணக்கு. மயிலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாள். அதற்குள் அதன் முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. கண்கள் அப்பனின் கண்கள்தான், ஆனால் வந்ததிலிருந்து அவை ஒரு தடவைகூட இமைக்கவில்லை. பிள்ளை ஒரு பூவை எடுத்து வாயில் வைத்து மென்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. இன்னொரு பூவை எடுத்தாள்.

அவள் முடிக்கப் போகும்போதெல்லாம் பழனாத்தா இன்னும் கொஞ்சம் வைத்தாள். பிள்ளைக்குக் குமட்டிற்று. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். அது இலை விளிம்பில் வைத்த கையை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் விரல் நகம் இலையைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது பிள்ளையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

"கண்ணு," என்றது. "மயிலாக் கண்ணு."

சட்டி காலியாயிற்று. பழனாத்தா அடியை வழித்துக் கடைசி உருண்டையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். மயிலாவின் இலையில் இன்னும் ஒரே ஒரு வாய்தான் பாக்கி.

அந்த நேரத்தில் வெளியே நாய் குரைத்தது.

"ஏய் பழனாத்தா, கதவத் தொற," என்றது கறுப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே. "இந்த ஆளை இழுத்துட்டு வர்றதுக்குள்ள என்ற பல்லே போச்சு. ஊருக்குப் பக்கத்துல வந்துட்டு, இது எந்த ஊருங்கறாரு. திரும்பிப் போறேங்கறாரு. வேட்டியக் கடிச்சு இழுத்துட்டு வந்துருக்கேன்."

"பழனா," என்றது இன்னொரு குரல். செங்கோடன் குரல், ஆனால் தூக்கத்தில் பேசுகிறவனைப்போலக் குழறிற்று. "இது நம்ம வீடுதானே புள்ள?"

உள்ளே இருந்தது அவளைப் பார்த்துத் திரும்பிற்று.

"நான் வர்ற வரைக்கும் யாருக்கும் கதவத் தொறக்காத," என்றது.

பழனாத்தா எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் தாழில் கை வைத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே இருப்பது அவரில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் வெளியே இருப்பது அவர்தான் என்று ஆகிவிடுமா? ஒன்று வந்தால் இரண்டு வராதா? நாயின் குரலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வராதா? திறந்து தப்பாகப் போனால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அதுவே உட்காரும். திறக்காவிட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார், இனி வரமாட்டார். வாழ்க்கையில் அவள் அப்படிப் பயந்ததில்லை.

"அம்மா," என்றாள் மயிலா. "இனி ஒரு வாய்தாம்மா இருக்குது."

பழனாத்தா தாழை எடுத்தாள். கதவை ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்தாள். வெளியே நின்ற முகத்தைப் பார்க்கவில்லை, முகத்தை நம்புகிற காலம் போய்விட்டது. கையில் இருந்த கடைசி உருண்டையை அந்த வாயில் திணித்தாள். திணித்துவிட்டுப் பார்த்தாள்.

அந்த முகம் கோணிற்று. கண் இரண்டும் இடுங்கின. தோள் குலுங்கிற்று. உப்பில்லாததையும் கரிந்ததையும் நல்லாருக்கு என்று சாப்பிட்ட மனுஷன், தூ என்று வாசலில் துப்பினான்.

"என்ன கருமம் புள்ள இது? கசக்குது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பழனாத்தா வாய்விட்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்னதிலேயே இதுதான் அவளுக்கு இனிப்பாக இருந்தது. கதவை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மயிலா கடைசிப் பூவையும் மென்றுவிட்டிருந்தாள். இனி மெல்ல ஒன்றும் இல்லாமல் வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தொண்டை ஏறி இறங்கிற்று. அந்த நொடியே அது இலையைத் தன் பக்கமாக மடிக்கக் கையைத் தூக்கிற்று. பழனாத்தா குறுக்கே விழுந்து இலையின் மறுவிளிம்பைப் பிடித்து, அதன் கைக்கு முந்திக்கொண்டு, இலையை எதிர்ப்பக்கமாக மடித்தாள். சாவு வீட்டில் மடிப்பதுபோல, இந்த உறவு இதோடு சரி என்று மடிப்பதுபோல மடித்தாள்.

"உனக்கு இந்த வூட்டுல சோறு முடிஞ்சுது," என்றாள். "எந்திரி."

அது அவளைப் பார்த்தது. முகத்திலிருந்து செங்கோடன் மெல்ல மெல்ல வழிந்துபோனான். மூக்கு போயிற்று, மீசை போயிற்று, கண்கள் போயின. வாய் மட்டும் மிஞ்சிற்று. அது எழுந்து, வாசலில் நின்ற செங்கோடனை உரசிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தது. எல்லா நிழலும் காலடியில் சுருங்கிக் கிடந்த அந்த நேரத்தில் அதற்கு நிழலே இல்லை. தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு முன்னாலும் நின்று நின்று போயிற்று. அது எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. செத்துப்போயிற்று என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அது தூக்கி வந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே ஆற்று மணல் இருந்தது. செங்கோடன் உண்மையான உப்பை இறக்கி வைத்துவிட்டு, மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் வாயெல்லாம் கசந்து வீங்கியிருந்தது. பழனாத்தா வெல்லக்கட்டியை உடைத்து வாயில் போட்டாள். பிள்ளை அதைச் சப்பிக்கொண்டே அப்பனின் கண்ணை உற்றுப் பார்த்தாள். அவன் இமைத்த பிறகுதான் சாய்ந்து படுத்தாள்.

பல்லியைத் தேடினார்கள். அது விட்டத்தில் வால் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நெரிபட்ட தொண்டையில் பேச்சு போய்விட்டது. எவ்வளவு முயன்றும் 'ச்சு ச்சு' என்ற சத்தம்தான் வந்தது. வால் பிறகு முளைத்தது, பேச்சு முளைக்கவில்லை. பழனாத்தா விளக்குமாற்றைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, விரலால் தரையைத் தட்டி, "நீ சொன்னது நெசந்தான் சாமி" என்றாள். இன்றைக்கும் பேச்சுக்கு நடுவே பல்லி சத்தம் போட்டால், பல்லியே சொல்லிவிட்டது என்று நாமும் விரலால் தட்டுகிறோம். பயந்தால் அது வாலை விட்டுவிட்டு ஓடுகிறதும் அந்தக் கையை இன்னும் மறக்காததால்தான்.

முத்தாயியின் புருஷன் திரும்பி வரவேயில்லை. பழனாத்தா ஒவ்வொரு வருஷமும் ஆற்றங்கரையில் கொஞ்சம் பச்சடி வைத்துவிட்டு வருவாள் என்று சொல்வார்கள்.

சேதி வீடு வீடாகப் போயிற்று. மறு வருஷம் வாசலில் உதிர்ந்த வேப்பம்பூவை ஒருத்தரும் குப்பையில் தள்ளவில்லை. அன்று முதல்தான் சித்திரை பிறந்த நாளில் வெளியூர் போனவர்களெல்லாம் வீடு வந்து சேர்ந்து, ஒன்றாக உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கசப்பை முதல் வாயாகச் சாப்பிடுகிறார்கள். பரிமாறுகிறவள் அப்போது இலையைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவாள். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால் வீடே சிரிக்கும். கசக்குதா என்று கேட்டால், கசக்குது என்று சொல்லிவிடுங்கள். நல்லாருக்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.